பெட்டகத்தில் பார்த்த செங்கவசம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் வரும் மூன்று பேரில் ஒருவரையும் நம்பிவிடாதீர்கள். குரல் கனிவாக இருக்கிறது, ஆள் பெரியவர், சின்னப்பெண் பாவம் என்றெல்லாம் இரக்கப்பட்டால் புதிர் கையை விட்டுப் போய்விடும். நான் யாரையும் நம்பாமல்தான் கேட்டேன்.

'ஏழரண்' என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு. அணி சேர்ந்து கோட்டைகளைப் பிடிக்க வேண்டும். நம் கதையில் வரும் மூவரும் ஒரே அணி. தலைவர் இசக்கியப்பன், தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருப்பவர். அடுத்தவர் ஹசீனா, வாணியம்பாடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடைசியாகச் சேர்ந்தவள் தமயந்தி, கோபிசெட்டிபாளையத்தில் நர்சிங் படிக்கிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஹெட்செட்டில் வரும் குரல்தான் ஆள்.

பலமுறை தோற்று, தமயந்தியின் வில் வந்து சேர்ந்த பிறகுதான் ஏழாவது கோட்டை விழுந்தது. பரிசாக வந்தது ஒரே ஒரு கவசம். ஹசீனா காடு காடாக அலைந்து சாயம் சேர்த்து அதற்குச் சிவப்பு பூசினார். அன்றிலிருந்து அது செங்கவசம். அணியின் பொதுப் பெட்டகத்தில் வைத்து, முறை வைத்து அணிந்தார்கள். பெட்டகத்தைத் திறக்கும் உரிமை மட்டும் பழைய ஆட்கள் இருவருக்கே. தமயந்தி தன் முறை வந்தால் கேட்டு வாங்கிக்கொள்வாள். அது அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், ஆனால் வாய் திறக்க மாட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது விளையாட்டு நிறுவனம் ஓர் அப்டேட் அறிவித்தது. கவசங்களை வைக்கும் முறையே மாறுகிறது. இனி ஒவ்வொருவருக்கும் தனி அலமாரி, அதை அடுத்தவர் எட்டிப்பார்க்க முடியாது. அப்டேட்டின்போது ஒரு கவசத்தை அணிந்திருப்பவருக்கு அது நிரந்தரச் சொந்தம், பெட்டகத்தில் கிடந்தால் அதன்பின் முதலில் அணிபவருக்கு. இனி யாருக்கும் கைமாற்ற முடியாது. பொதுப் பெட்டகத்தை அணியில் உள்ள எல்லோரும் திறக்கலாம். சாயம் இனிக் கவசத்தைச் சேராது, அணிந்தவர் கணக்கைச் சேரும். பெட்டகத்தில் கிடக்கும் கவசமெல்லாம் வெறும் இரும்பு நிறத்துக்குத் திரும்பிவிடும்.

இந்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களே, நாள் முழுக்க ஆடுவார்கள், அறிவிப்பை மட்டும் கடைசிவரை படிக்க மாட்டார்கள். 'நிரந்தரச் சொந்தம்' என்ற இடத்திலேயே கண் நின்றுவிட்டது. அதுவரை அண்ணன், அக்கா, தங்கச்சி என்று இருந்தவர்கள் அன்றிலிருந்து ஒருவர் பேச்சை ஒருவர் எடை போட்டார்கள். ஹசீனா முன்பொருமுறை முறை தாண்டியும் கவசத்தைக் கழற்றாமல் இருந்தது தலைவருக்கு நினைவு வந்தது. தலைவர் ஏன் இப்போதெல்லாம் தனியாக ஆட வருகிறார் என்று ஹசீனாவுக்கு உறுத்தியது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அப்டேட் வரும்போது யாரும் அதை அணியக்கூடாது, பெட்டகத்திலேயே கிடக்கட்டும். பிறகு மூன்று பேரும் கூடிச் சீட்டுக் குலுக்குவது.

ஞாயிறு மதியம் அப்டேட் முடிந்தது. மாலையில் மூவரும் கூடினார்கள். தனக்கும் பெட்டகம் திறந்தது என்று தமயந்தி சந்தோஷமாகச் சொன்னாள். மதியமே ஆசையாக உள்ளே பார்த்தாளாம். எது என்னவென்றே தெரியவில்லையாம். ஹசீனா அப்போதுதான் முதன்முதலாகத் திறந்தார்.

"எல்லாம் கழுவாத அலுமினியப் பாத்திரம் மாதிரி கெடக்கு. ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்துட்டேன். நம்மளது இல்ல" என்றார்.

தலைவர் குரலை உயர்த்தவில்லை. நிதானமாகத்தான் பேசினார்.

"அப்டேட் முடிஞ்சதுமே நான் தொறந்து பாத்தேன். செவப்பு மங்காம அப்படியே இருந்துச்சு. பத்திரமா இருக்குன்னு மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அதுக்குப் பொறவு தொறந்தது நீதானம்மா."

"பாக்கறதுக்குத்தான் தொறந்தேனுங்ணா. எதையும் எடுக்கலீங்ணா" என்றாள் தமயந்தி. குரல் உடைந்துவிட்டது.

அழுகிறவள் எல்லாம் குற்றமற்றவள் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவளை அணியிலிருந்து நீக்க வேண்டும், நம்பிக்கைத் துரோகி என்று விளையாட்டின் பொது அரங்கில் பெயரைப் போட வேண்டும் என்றார் தலைவர். போட்டுவிட்டால் வேறெந்த அணியும் அவளைச் சேர்க்காது. ஹசீனா சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஹசீனாவின் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். செங்கவசத்தை எடுத்தது யார்? தமயந்தியை வெளியே அனுப்புவது சரியா?

விடை: எடுத்தது தலைவர் இசக்கியப்பன். அப்டேட்டுக்குப் பிறகு பெட்டகத்தில் எந்தக் கவசத்துக்கும் நிறம் இல்லை, ஹசீனா பார்த்ததும் அதைத்தான். தலைவரோ அங்கே சிவப்பைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் அப்டேட்டுக்குப் பின் பெட்டகத்தைத் திறக்கவே இல்லை. உள்ளே அது இல்லை என்று தெரிந்தவருக்குத் திறக்க என்ன அவசியம்? முன்பே எடுத்து அணிந்துகொண்டார், அவர் மேல் அது சிவப்பாகவே இருந்தது, பெட்டகத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். அப்டேட்டுக்கு முன் தொலைந்ததென்றால் சந்தேகம் பழைய ஆட்கள் இருவர் மேல்தான் விழும், அதனால்தான் பின்னால் பார்த்ததாக ஒரு பொய். பிறகு கவசத்தை மறைத்துவைத்த அவருடைய அலமாரியைத் திரையில் காட்டச் சொல்லி ஹசீனா கேட்டபோது, "நீங்க எடுத்துருவீங்கன்னு பயந்துதான் எடுத்தேன்" என்றார் தலைவர். தமயந்தி அணியிலிருந்து வெளியேறினாள், பின்னாலேயே ஹசீனாவும். செங்கவசம் இப்போது தலைவருக்கே நிரந்தரச் சொந்தம். அணியிலும் அவர் ஒருவர்தான் இருக்கிறார்.