மரகதத்தின் எடை

"டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் ஒரு யானையை முழுங்கிடுச்சு!"

புகார் சொன்ன சிங்காரவேலுவுக்கு ஐம்பத்தாறு வயது. கோயில் யானைகளின் முகாமில் குமாஸ்தா. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் குரு ரெஜினாவுக்கு இருபத்தாறு. அதனாலென்ன? தெரிந்தவர்தானே குரு!

ரெஜினா சிரித்தாள். "எப்படி முழுங்குச்சு?"

"முகாமுக்கு வந்தது இருபத்தெட்டு யானை. நாலாயிரம் கிலோவுக்கு மேலன்னா பத்தியச் சாப்பாடு. அந்தப் பட்டியலைக் கேட்டேன், ஒன்பது பேர் வந்துச்சு. நாலாயிரமோ அதுக்குக் கீழயோன்னா முழுச் சாப்பாடு. கேட்டேன், பதினெட்டு. சமக்குறியைக்கூட மறக்கல டீச்சர்!"

"பேஷ்."

"என்ன பேஷ்? மரகதம் ரெண்டுலயும் இல்ல. பட்டியல்ல பேர் இல்லாட்டி சாப்பாட்டுச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாம சமையல்கட்டுல ஒரு கவளம் சோறு தர மாட்டேங்கிறாங்க. காலையிலேருந்து பட்டினி, பாவம். ஒரு யானைன்னா நாலாயிரத்துக்கு மேல இருக்கணும், இல்ல அதுக்குள்ள இருக்கணும். மூணாவதா ஒரு இடம் எங்க இருக்கு?"

ரெஜினா எழுந்தாள். ஒரு கரும்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்; சிங்காரவேலுவும் பின்னாலேயே போனார்.

வேப்பமரத்தடியில் மரகதம் நின்றது. கரும்பைக் கண்டதும் காது ரெண்டும் விசிறின. பக்கத்தில் வாடிய முகத்தோடு பாகன் இருளப்பன்.

"அண்ணே, மரகதம் நாலாயிரம் கிலோவுக்கு மேலயா?"

"தெரியலையேம்மா. எடை மேடை கிடுகிடுன்னு ஆடுச்சா, காலே வைக்க மாட்டேன்னுட்டா மகராசி."

"அப்ப நாலாயிரத்துக்குள்ளயா?"

"அதுவும் தெரியாதும்மா."

சிங்காரவேலுவுக்குப் பொறுக்கவில்லை. "மேலயான்னா தெரியாது, கீழயான்னா தெரியாது! என்னதான்யா தெரியும் உனக்கு?"

"பசிக்குதுன்னு தெரியும் சார்."

சிங்காரவேலு நெற்றியில் அடித்துக்கொண்டார். மரகதத்தின் பெயருக்கு நேரே எடைக் கட்டத்தைக் காலியாக விட்டவர் அவரேதான். காலிக் கட்டம் மேலேயும் சேராது, கீழேயும் சேராது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் ஓடினார். ஒரு விரலால் தட்டித் தட்டி மூன்றாவது கேள்வியை எழுதினார்: எடை எழுதாத யானை எது?

ஒரே ஒரு பெயர் வந்தது.

"டீச்சர்! மரகதம்! எங்க மரகதம்!"

முகாமே திரும்பிப் பார்த்தது. இருளப்பன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மரகதத்துக்குச் சிங்காரவேலு எழுதிய சீட்டை ரெஜினா எட்டிப் பார்த்தாள். "எத்தனை கவளம்னு எழுதலையே சார்?"

"அதான் காலியா விட்டிருக்கேன் டீச்சர். போதும்னு அவ சொல்லட்டும், எழுதிக்கலாம்."