அருவாளோடு போகிறவனை நிறுத்தாதே

எந்த ராஜா, எந்தக் காலம் என்று கேட்டால் கதை நகராது. ஒரு ராஜா. அவர் ஆட்சியில் ஏமாங்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு மூன்று காவல்காரர்கள். போதும்.

மூவரில் மூத்தவன் வெள்ளைக்கண்ணு. அரண்மனை கொடுத்த சிவப்புத் தலைப்பாகை அவனுக்கு மட்டும்தான். அது தலையில் ஏறும் முன்பு ஊரில் அவனை 'ஏய்' என்றார்கள். ஏறிய பிறகு 'வாங்க' என்கிறார்கள், கட்டிய பெண்டாட்டி உட்பட. அதனால் குளிக்கும்போதுகூட அவன் அதைக் கழற்றுவதில்லை. மற்ற இருவர் மொக்கையனும் ஒச்சப்பனும். வேல்கம்பு ஆளுக்கொன்று. மூளை மூவருக்கும் பொது.

கோயிலில் முதலில் குத்துவிளக்கு காணாமல் போனது. பிறகு உருளி. ஊரில் ராஜாவின் ஆள் மணியக்காரர்தான். அவர் வெள்ளைக்கண்ணுவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மிச்சம் இருக்கிறது அண்டா ஒண்ணுதான். செவ்வாக்கிழமைப் பொங்கலுக்கு ஊருக்கே அதுல சோறு வேகணும். அதுவும் போச்சுன்னா உன் தலைப்பாகையும் போச்சு."

வெள்ளைக்கண்ணு தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தான். அன்று சோறு ஊட்டிவிட்டது பெண்டாட்டி.

மறுநாள் அரண்மனையிலிருந்து தண்டோரா வந்தது. குடிமக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மறைத்தால் குற்றம். மறைத்தவனைக் காவல்காரர் நிறுத்திச் சோதிக்கலாம். வெளியே தெரிய வைத்திருப்பவனை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் காவல்காரனின் தலைப்பாகை பறிக்கப்படும். டம் டம் டம்.

மூவரும் குளக்கரைப் புளியமரத்தடியில் கூடினார்கள்.

"அருவா தெரிஞ்சா விட்டுரணும். மறைச்சா பிடிக்கணும். புரியுது," என்றான் வெள்ளைக்கண்ணு. "அருவாளே தெரியாதவனை என்ன செய்ய?"

"தெரியலைன்னா மறைச்சிருக்கான்னு அர்த்தம்ண்ணே," என்றான் மொக்கையன்.

"இல்லாமலும் இருக்கலாமேடா."

"இல்லாதவன்கிட்டயும் அருவா தெரியாது, மறைச்சவன்கிட்டயும் தெரியாது. ரெண்டு பேரும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்காக? நாம பாவம் பார்த்து விட்டோம்னு வைங்க, தலைப்பாகைக்கு யார் பொறுப்பு?"

வெள்ளைக்கண்ணுவின் கை தானாகத் தலைக்குப் போனது. அன்று முதல் வெறுங்கையோடு வந்தவர்களை எல்லாம் நிறுத்தினார்கள்.

முதலில் அகப்பட்டவர் சிங்காரம். குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு கோவணம், தோளில் ஒரு துண்டு. துண்டை உதறினார்கள். ஒன்றும் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னார்கள். பல்லே இல்லை.

"என்னத்தடா தேடுறீக?" என்றார் சிங்காரம்.

"அருவாளை."

"என்கிட்ட ஏதுடா அருவா?"

"பார்த்தீகளாண்ணே," என்றான் ஒச்சப்பன் மெல்ல. "கோவணத்தோட வந்தும் கண்டுபிடிக்க முடியலை. எம்புட்டுக் கைதேர்ந்த ஆளா இருக்கணும்."

சிங்காரத்தைப் பொழுது சாயும் வரை மரத்தடியில் உட்கார வைத்தார்கள். மறுநாள் அவர் கழுத்தில் ஒரு அருவாளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு குளிக்கப் போனார். காவல்காரர்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள்.

ஊர் பாடம் கற்றுக்கொண்டது. தயிர்க்காரி பானைமேல் அருவாமனையை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கூவினாள். பூசாரி ஒரு கையில் மணி, மறு கையில் வெட்டரிவாள் என்று நின்றார்; விபூதி கேட்கவே ஆட்கள் பயந்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அருவாளைக் கீழே வைக்க மறுத்ததால் பெண்ணின் அத்தையே தாலியை முடிந்துவிட்டாள். மணியக்காரரும் இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்டார். நிம்மதியாக நடமாட வேறு வழி இல்லை.

அப்புறம் ஒச்சப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வருவதே அவனுக்கு அபூர்வம்.

"அண்ணே, வீட்டுக்குள்ள இருக்கிற அருவா?"

"அதுக்கென்ன?"

"சுவரு மறைக்குதே."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். சுவர் மறைக்கத்தான் செய்தது. உடனே வீடு வீடாகப் போய், அருவாளை எல்லாம் வாசலில் தொங்கவிடச் சொன்னார்கள். வெள்ளைக்கண்ணுதான் முதல் ஆளாக, விறகு வெட்டும் தன் அருவாளை வாசல் கம்பில் மாட்டினான். நல்ல பூண் போட்ட அருவாள். பெண்டாட்டி அழுதாள். "சட்டம்," என்றான்.

திங்கள்கிழமை உச்சி வெயிலில் ராக்கன் வந்தான். குத்துவிளக்கையும் உருளியையும் தூக்கியவன் இவன்தான். அது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வெறுங்கையோடு வந்ததால் ஊர் வாசலிலேயே மறித்தார்கள்.

"எங்கே போறே?"

"கோயிலுக்குத்தான்."

"அருவா எங்கே?"

"இல்லையே."

"அப்ப விட முடியாது," என்றான் வெள்ளைக்கண்ணு. "போயி ஒண்ணு எடுத்துக்கிட்டு வா. உன்னை எவனும் நிறுத்த மாட்டான்."

ராக்கன் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கேலியில்லை என்று தெரிந்ததும் பக்கத்துச் சந்தில் நுழைந்தான். முதல் வாசலில் தொங்கிய அருவாளை எடுத்துக்கொண்டு திரும்பினான். பூண் போட்டது.

"பூணு அழகா இருக்கு," என்றான் வெள்ளைக்கண்ணு. "எங்க வீட்டிலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

"இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு ராக்கன் போனான்.

கொஞ்ச நேரத்தில் கோயில் வாசலில் டமார் என்று சத்தம். மூவரும் ஓடினார்கள். ராக்கன் அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தான். அண்டாவைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் அருவாளை அண்டாவுக்குள் போட்டிருந்தான்.

"நில்லு," என்றான் வெள்ளைக்கண்ணு.

ராக்கனுக்கு முகம் வெளிறியது.

"அருவாளை அண்டாவுக்குள்ள மறைச்சிட்டியே. குற்றமாச்சே."

ராக்கனுக்கு மூச்சு வந்தது. "கையில பிடிச்சா அண்டாவைத் தூக்க முடியலையே அண்ணே. நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

மூவரும் தள்ளிப்போய் நின்று பேசினார்கள்.

"அண்ணே, இவன் அண்டாவை எடுக்கிறானே," என்றான் மொக்கையன்.

"அண்டா போனா தலைப்பாகை போகும்," என்றான் வெள்ளைக்கண்ணு. "ஆனா அருவா வச்சிருக்கவனை நிறுத்தினாலும் தலைப்பாகை போகும். அது மணியக்காரர் சொன்னது. இது ராஜா சொன்னது. எது பெரிசு?"

"ராஜா."

"அப்ப இவன் சட்டத்தை மீறாம பார்த்துக்கிறதுதான் நம்ம வேலை."

அருவாளை எடுத்து ராக்கன் கையில் கொடுத்தார்கள். அண்டாவை மூவரும் தூக்கிக்கொண்டார்கள். ராக்கன் அருவாளை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தான். கை வலித்து இறக்கியபோதெல்லாம் வெள்ளைக்கண்ணு பின்னாலிருந்து, "தம்பி, நல்லாத் தெரியட்டும்," என்று நினைவூட்டினான். எல்லைக்கல் வரை கொண்டுபோய், அங்கே அவன் கட்டி நிறுத்தியிருந்த வண்டியில் அண்டாவை ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள். மூவருக்கும் மனசு நிறைந்திருந்தது. ஒரு மீறல்கூட இல்லை.

கோயில் வாசலில் மணியக்காரர் நின்றிருந்தார். பக்கத்தில் மூடி மட்டும் சாய்ந்து கிடந்தது.

"அண்டா எங்கடா?"

வெள்ளைக்கண்ணு நடந்ததைச் சொன்னான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். மணியக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தலைப்பாகையைக் கழற்று."

"அய்யா, நிறுத்தியிருந்தா ராஜா பறிச்சிருப்பாரு. நிறுத்தலைன்னு நீங்க பறிக்கிறீக. இருக்கிறது ஒரு தலைப்பாகைதானே அய்யா. ரெண்டு பேரும் எப்பிடிப் பறிப்பீக?"

மணியக்காரருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது எல்லா மணியக்காரர்களும் செய்வதை அவரும் செய்தார். புது உத்தரவு போட்டார்.

"கடைசியாச் சொல்றேன். மூடியாவது மிச்சம் இருக்கு. இதுவும் போச்சுன்னா உன் தலைப்பாகை போச்சு. ராஜாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். இனிமே எவன் கையில ஆயுதம் இருந்தாலும், எவனா இருந்தாலும், நிறுத்து. நான் வந்து சொல்ற வரைக்கும் ஒரு அடி நகர விடாதே."

"சரிங்கய்யா," என்றான் வெள்ளைக்கண்ணு. உடனே மொக்கையன் பக்கம் திரும்பி, "நில்லுடா, கையில வேல்கம்பு," என்றான். மொக்கையன் நின்றான். நின்றபடியே ஒச்சப்பனை நிறுத்தினான். ஒச்சப்பன் வெள்ளைக்கண்ணுவை நிறுத்தினான்.

மணியக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"நில்லுங்கய்யா," என்றான் வெள்ளைக்கண்ணு. "இடுப்புல அருவா."

"நான்தானேடா உத்தரவு போட்டேன்."

"எவனா இருந்தாலும்னீகளே. ஒரு அடி எடுத்து வச்சீகன்னா குத்தச் சொல்லுவேன். குத்துறதுக்கு நகரணுமேன்னுதான் யோசிக்கேன்."

அவர் வேல்கம்பு முனையைப் பார்த்தார். நின்றார்.

"சரி, எல்லாரும் ஆயுதத்தைக் கீழ போடுங்கடா."

"புல்லு மறைக்கும் அய்யா," என்றான் ஒச்சப்பன். "மறைச்சா குற்றம்."

வெயில் கொளுத்தியது. நால்வரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். ஊரில் எல்லோர் கழுத்திலும் இடுப்பிலும் அருவாள் தொங்கியதால் யாரும் கிட்டே வரவில்லை.

கிட்டே வந்தவன் ராக்கன் ஒருவன்தான். மூடி இல்லாத அண்டாவைச் சந்தையில் யார் வாங்குவான்? மூடியைத் தூக்கவும் இரண்டு கை வேண்டுமே என்று அருவாளை வண்டியிலேயே போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்தான்.

"தம்பி, அருவா எங்கே?" என்றான் வெள்ளைக்கண்ணு.

"கொண்டு வரலைண்ணே. வேணும்னா சோதிச்சுக்கங்க."

"சோதிக்க நகரணும். நீ சொன்னா சரிதான். போ."

"பிடிங்கடா அவனை," என்று மணியக்காரர் கத்தினார்.

"நீங்க வந்து சொல்ற வரைக்கும் நகரக் கூடாதே அய்யா."

"சொல்றேனேடா."

"நின்னுக்கிட்டில்ல சொல்றீக. வந்து சொல்லுங்க."

ராக்கன் மூடியைத் தூக்கித் தலையில் வைத்தான். வெயிலில் கிடந்த பித்தளை. சுட்டது. இறக்கினான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அண்ணே, சும்மாட்டுக்கு ஒரு துணி கிடைச்சா நல்லா இருக்கும்."

வெள்ளைக்கண்ணு யோசித்தான். உச்சந்தலை சுட்டால் என்ன பாடு என்று இத்தனை நேரம் வெயிலில் நின்றவனுக்குத் தெரியும். ஓர் அடிகூட நகராமல், தலையை மட்டும் குனிந்து கொடுத்தான். ராக்கன் சிவப்புத் தலைப்பாகையை எடுத்து, வளையமாகச் சுற்றித் தன் தலையில் வைத்தான். மேலே மூடியை ஏற்றிக்கொண்டு எல்லைக்கல்லைப் பார்த்து நடந்தான்.

மணியக்காரர் அழும் குரலில் கேட்டார். "மூடியும் போச்சு. தலைப்பாகையும் போச்சு. உனக்கு மனசே பதறலையாடா?"

"என்னத்துக்கு அய்யா பதறணும்?" என்றான் வெள்ளைக்கண்ணு. "மூடி தனியாவா போகுது? அரண்மனைத் தலைப்பாகையோட, காவலோடதானே போகுது."