கடைசிக்கு வைத்த பாடம்

ஒரு காட்டோரம் லாரி வந்து நின்றது. கூண்டைத் திறந்து குரங்குகளை இறக்கிவிட்டு அது போய்விட்டது. எல்லாம் கோயில் வாசலில் பிறந்து வளர்ந்த குரங்குகள். தேங்காய்ச் சில்லு, வாழைப்பழம், வறுத்த கடலை, இவைதான் அவற்றுக்குத் தெரிந்த சாப்பாடு. காட்டில் எதைப் பறிப்பது, எதைத் தின்பது என்று ஒன்றுக்கும் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் செம்பி என்று ஒரு தாய்க்குரங்கு. பட்டினியில் அதற்குப் பால் வற்றிப் போனது. பல் முளைத்த அதன் குட்டி, மடியைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது.

காட்டு மிருகங்களுக்குப் பாவமாக இருந்தது.

"நம்ம காட்டுச் சாப்பாட்டைப் பத்தி இதுங்களுக்கு ஒரு அவசர வகுப்பு நடத்திடுவோம்!" என்றது மயில். எல்லாம் நாவல் மரத்தடியில் கூடி, பாடங்களை வரிசைப்படுத்த உட்கார்ந்தன.

"முதல்ல தேன்!" என்றது கரடி.

"யோவ், கொட்டினா தாங்க உனக்கு ரோமம் இருக்கு. அதுங்க மூஞ்சி என்னாகும்? கிழங்குதான் முதல்ல!" என்றது காட்டுப்பன்றி.

"மண்ணைக் கிளற அதுங்களுக்கு உன் மூக்கா இருக்கு? பழம்தான்!" என்றது அணில்.

சண்டை போட்டுப் போட்டு ஒருவழியாக வரிசை முடிவானது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லிக் கொடுப்பவர் முதலில் தின்று காட்ட வேண்டும். அப்புறம்தான் படிப்பவர் வாயில் வைக்க வேண்டும்.

மான் மெல்லக் கேட்டது: "விஷக்காய்ப் பாடத்தை யாரு எடுக்கப் போறீங்க?"

விஷத்தை யார் தின்று காட்டுவது?

"முதல் நாளே விஷம்னு ஆரம்பிச்சா எவன் வகுப்புக்கு வருவான்? கடைசி நாள் பார்த்துக்கலாம்!" என்றது மயில். எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது.

வகுப்பு தொடங்கியது. கரடி தேனடையைத் தின்று காட்டியது. எல்லாம் கைதட்டின. செம்பி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டது: "அண்ணே, தின்னக் கூடாதது எதாச்சும் இருக்கா?"

"அது கடைசிப் பாடம்மா! தின்னு காட்ட இன்னும் ஆள் கிடைக்கல!" என்றது மயில். கரடி விழுந்து விழுந்து சிரித்தது. செம்பி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

வகுப்பு முடிந்து காட்டு மிருகங்கள் கலைந்து போன நேரத்தில் குட்டி மடியை விட்டு நழுவியது. சரிவில் காட்டாமணக்குச் செடிகள் நின்றன. காய்ந்த காய்கள் வெடித்துக் கொட்டைகள் கீழே கிடந்தன. குட்டி ஒன்றை உடைத்துக் கடித்தது. ருசியாகத்தான் இருந்தது!

"அம்மா, கோயில் கடலை மாதிரியே இருக்கும்மா! உனக்கும் ஒண்ணு!" என்று ஓடி வந்து நீட்டியது.

இறங்கிய நாளிலிருந்து குட்டி சிரித்தது அன்றைக்குத்தான். "நீயே தின்னு சாமி" என்றது செம்பி. மற்றக் குரங்குகளும் ஓடிப்போய், அப்புறம் தின்னலாம் என்று கன்னத்துப் பைகளில் கொட்டைகளை அடைத்துக்கொண்டன.

சாயங்காலம் குட்டி வாந்தி எடுத்தது. எடுத்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் கேட்டது. கொடுத்த தண்ணீரும் வெளியே வந்தது. விடியும்போது அது செம்பியின் மடியில் துவண்டு கிடந்தது. மூச்சு இல்லை.

காலையில் மயில் தோகையைச் சிலுப்பிக்கொண்டு வந்தது. "இன்னிக்குப் பாடம் அத்திப்பழம்! எல்லாரும் வந்தாச்சா?"

செம்பி குட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது. அதை எல்லார் நடுவிலும் படுக்க வைத்தது. பக்கத்தில் ஒரு காட்டாமணக்குக் கொட்டையை வைத்தது.

"அண்ணே, கடைசிப் பாடத்தை இன்னிக்கே நடத்திடுங்க. தின்னு காட்ட ஆள் இல்லேன்னீங்களே! என் புள்ள தின்னு காட்டிட்டான்."

மயில் தோகையை மடக்கிக்கொண்டது. கரடி தரையைப் பார்த்தது. மற்றக் குரங்குகள் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் அடைத்திருந்த கொட்டைகளைத் துப்பின.

கேட்பவர் முகம் சுளிப்பாரே என்று உயிர் காக்கும் சொல்லைக் கடைசிக்குத் தள்ளி வைக்கக் கூடாது.