எஸ்தர் எடுக்கப் பயந்த வகுப்பு

"சார், அந்த வேலை வேண்டாம்னு சொல்லிரப் போறேன்."

எஸ்தர் வந்து இன்னும் உட்காரக்கூட இல்லை.

அறிவியலை எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியர்களுக்கே சொல்லித்தரும் பேராசிரியர் அவர். புத்தகம் எழுதியிருக்கிறார். கருத்தரங்குகளில் கைதட்டு வாங்கியிருக்கிறார். இப்போது ஒரு புதிய பல்கலைக்கழகம் துறைத்தலைவராக வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது.

எதிரே, தன் வீட்டு நாற்காலியில் ஞானதுரை. எஸ்தரின் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், குசும்பிலிருந்து இல்லை.

"ஏன், ஊர் பிடிக்கலையா?"

"அதில்ல சார். அங்க ஒரு வழக்கம். புதுசா சேருற பேராசிரியர் முதல் நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கணும். பின்னால மொத்தத் துறையும் உக்காந்து பாக்கும்."

"எடேன்."

"பிள்ளைங்க முன்னாடி நின்னு எத்தனை வருஷமாச்சு! எனக்கு மறந்தேபோச்சு சார். அது வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."

அங்கும் இங்கும் நடந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். பாவம், இருப்புக் கொள்ளவில்லை.

ஞானதுரை உள்ளே போய், விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த டம்ளரோடு வந்தார். அதில் சின்ன ஐஸ் துண்டு ஒன்று மிதந்தது.

"நான்தான் ஆறாங்கிளாஸ். எடு."

எஸ்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐஸ் உருகினா தண்ணி வழியுமா, வழியாதா?"

"மிஸ், ஐஸுக்குள்ள வெள்ளையா இருக்கே, அது என்ன?"

"நல்ல கேள்வி. அப்புறம் பாப்போம்."

"மிஸ், ஐஸ் ஏன் விரல்ல ஒட்டுது?"

"அருமையான கேள்வி. அடுத்த வகுப்புல பாப்போம்."

ஞானதுரை எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

"எங்க சார் போறீங்க?"

"பையன் வீட்டுக்குப் போயிட்டான்."

எஸ்தருக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டே இருந்தா பாடத்தை எப்ப சார் முடிக்கிறது?"

"முடிச்சு?"

"முடிச்சு... முடிக்கணும்ல சார்!"

"யாருக்கு முடிக்கணும்? பின்னால உக்காந்திருக்கவங்களுக்கா?"



அதற்குள் ஐஸ் உருகிவிட்டிருந்தது. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. ஞானதுரை திரும்ப வந்து, டம்ளரைக் குனிந்து பார்த்தார்.

"மிஸ், இதே உப்புத் தண்ணியா இருந்தா?"

"அப்பவும் வழி..."

பாதியில் நின்றுவிட்டது. வழியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வழியுமோ என்று தோன்றிவிட்டது. முகத்தில் ஏறிய சூடு காது வரை பரவியது. இத்தனை வருஷத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"தெரியல சார்."

"சார் யாரு இங்க?"

எஸ்தர் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தெரியலடா."

எஸ்தர் டம்ளரை எடுத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

"எஸ்தரு, வேலை வேண்டாம்னு நானே போன் போட்டுச் சொல்லிரட்டுமா?"

"சும்மா இருங்க சார். உப்பு எங்க?"