புகழ்மரத்தடியில் முளைத்தது

மூன்று மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு காட்டில் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக வாழ்ந்து வந்தன. பெரிய உடம்பு, நீண்ட அலகு, அலகின் மேல் தொப்பியைக் கவிழ்த்தது போல ஒரு மஞ்சள் கொண்டை. அவை பறந்தால் சிறகடிக்கும் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும்.

வருடத்துக்கு ஒருமுறை அவற்றுக்குள் பறக்கும் போட்டி நடக்கும். சூரியன் உதித்ததும் புகழ்மரம் என்ற பெரிய மரத்திலிருந்து கிளம்ப வேண்டும். மூன்று மலைகளையும் சுற்றிக்கொண்டு அதே மரத்துக்குத் திரும்ப வேண்டும். முதலில் வருகிற பறவைக்குப் புகழ்மரத்தில் ஒரு கிளை சொந்தமாகும். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. வென்ற பறவை மறுநாள் காலை வரை அந்தக் கிளையை விட்டு இறங்கவும் கூடாது. மறுபடி வென்றால் அதே கிளையில் ஒரு முழம் தள்ளி உட்கார வேண்டும். அதுதான் வழக்கம்.

பொன்னலகர் என்ற முதிய இருவாச்சி ஏழு முறை வென்று, தன் கிளையில் முழம் முழமாகத் தள்ளி உட்கார்ந்தவர். அவர் மட்டும்தான் சூரியன் உச்சிக்கு வருமுன் திரும்பியவர். இருபது வருடங்களாக யாராலும் அந்த நேரத்தை எட்ட முடியவில்லை. இப்போது அவர்தான் காட்டுக்கு நீதிபதி.

ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பொன்னலகர் அலகைத் தூக்கிக்கொண்டு சொல்வார்: "சாயங்காலம் வந்து சேர்வதற்கு ஆமை போதாதா? எங்கள் காலத்தில் அத்திப்பழமும் ஓடைத் தண்ணீரும்தான்! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இறக்கை இருக்கிறது, நெஞ்சுரம் இல்லை!"

இளம் பறவைகள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வருடப் போட்டியில் எல்லாம் தலைகீழாக நடந்தது.

சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை. அதற்குள் மேற்கே சர்ர் சர்ர் என்று சத்தம் கேட்டது!

"வருகிறார்கள்! இவ்வளவு சீக்கிரமா?" என்று காடே எழுந்து நின்றது.

முன்னால் மின்னி என்ற இளம்பெண் பறவை வந்தாள். அவளை ஒட்டினாற்போல் சூறையன் வந்தான். முன்னால் பறக்கிற பறவை எதிர்காற்றைக் கிழித்துக் கொடுக்கும். பின்னால் வருகிற பறவைக்குப் பாதி உழைப்புதான். மூன்று மலையிலும் அவனுக்காகக் காற்றைக் கிழித்தவள் மின்னிதான். மரம் கண்ணில் பட்டதும் சூறையன் அவளைத் தாண்டி வந்து கிளையில் உட்கார்ந்தான். பொன்னலகரின் நேரம் முறியடிக்கப்பட்டது!

ஆரவாரம் எழுந்த அதே நொடியில் மின்னியின் இறக்கை நின்றது.

அவள் மடங்கிக்கொண்டு கல்லைப் போலக் கீழே விழுந்தாள்.

ஆரவாரம் அறுந்துபோனது. மரத்தடியில் ஒரு வளை இருந்தது. குத்தாயி என்ற முள்ளம்பன்றி அதில் குடியிருந்தாள். அந்த வளை வாசலில்தான் மின்னி கிடந்தாள். கண் திறந்தபடி இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. திறந்த அலகிலிருந்து பாதி மென்ற ஓர் ஊதாப் பழம் உருண்டு வெளியே விழுந்தது.

"இது என்ன பழம்?" என்று பறவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இளம் பறவைகள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மரத்தடியில் கூட்டம் கூடியது. வெயில் சுள்ளென்று அடித்ததால் பொன்னலகரின் கிளைக்குக் கீழே வரிசையாக நின்ற சிறுமரங்களின் நிழலில் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். மின்னியை அங்கேயே இலைகளின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். பொன்னலகர் மேலே தன் கிளையில் அமர்ந்தார்.

"சூறையா! இந்தப் பழத்தை உனக்குத் தெரியுமா?"

சூறையன் தன் கிளையிலிருந்தே பதில் சொன்னான். "தெரியும் ஐயா. மறதிப்பழம். மூன்றாவது மலையின் செங்குத்துப் பாறையில் மட்டும்தான் காய்க்கும். தின்றால் களைப்பு மறந்துபோகும்."

"களைப்பு போய்விடுமா?" என்று ஒரு குஞ்சு கேட்டது.

"போகாது. உள்ளேயே இருக்கும். நமக்குத்தான் தெரியாது. நானும் தின்றேன். மின்னிக்கு இரண்டாவது பழத்தை ஊட்டியதும் நான்தான்."

மூத்த பறவைகள் அதிர்ந்துபோயின. "அடப்பாவி!" "போட்டியிலா?" "இதற்குப் பெயர் வெற்றியா?"

"நாங்கள் மட்டுமா தின்கிறோம்?" என்று பின்னால் இருந்து ஓர் இளங்குரல் வெடித்தது. "மூன்று வருடமாக எல்லாரும்தான்!"

"பார்த்தீர்களா! ஒரு தலைமுறையே அழுகிப்போயிருக்கிறது!" என்றது ஒரு கிழப் பறவை.

"உச்சிக்கு முன்னால் வா, உச்சிக்கு முன்னால் வா என்று வருடா வருடம் எங்களை ஏளனம் செய்தது யார்? வெறும் இறக்கையால் முடியவில்லையே! உயிரைக் கொடுத்துப் பறந்தும் முடியவில்லையே!"

"எங்கள் பொன்னலகரால் முடிந்ததே!"



பொன்னலகர் சிறகைத் தட்டி அமைதிப்படுத்தினார். "சட்டம் ஒன்றுதான். போட்டியில் வஞ்சனை செய்தவருக்கு இந்தக் காட்டில் இடமில்லை. சூறையனும் மின்னியும் இன்றே மலையைத் தாண்டிப் போக வேண்டும்!"

சூறையன் கிளையிலிருந்து பாய்ந்து இறங்கினான். "ஐயா! என்னைத் துரத்துங்கள், போகிறேன். மின்னியால் இறக்கையைத் தூக்கவே முடியவில்லை. காட்டுக்கு வெளியே தரையில் கிடந்தால் ஒரு பொழுது தாங்குவாளா? காட்டுப்பூனை விடுமா?"

"தின்னும்போது அதை யோசித்திருக்க வேண்டும்."

"ஐயா!"

"ஆளைப் பார்த்தா சட்டம் வளையும்?"

சரி என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

பொன்னலகர் மேலும் சொன்னார்: "இந்த விஷச்செடி நம் காட்டுக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதன் அடையாளம் என்ன? சொல்!"

"இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் செம்பு நிறம். ஆனால் இந்தப் பக்கம் அது கிடையாது ஐயா."

"கிடையாதா?" என்று வளைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குத்தாயி முட்களைக் கலகலவென்று உதறிக்கொண்டு வெளியே வந்தாள். இரவெல்லாம் மின்னிக்கு இலையில் தண்ணீர் கொண்டுவந்து ஊட்டியவள் அவள். "செம்பு நிறம் என்றா சொன்னாய் தம்பி? என் வாசலெல்லாம் அந்தச் செடிதானே! கடித்தால் கசக்கும். அதனால்தான் விட்டுவைத்திருக்கிறேன்."

"உன் வாசலில் எப்படி வரும்?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"என்னைக் கேட்டால்? மேலே உட்காருகிறவர்கள் நீங்கள். தலைமேல் எச்சம் விழுகிறதே என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் வற்றியது. ஒருவராவது குனிந்து பார்த்தீர்களா?"

அவள் சூறையனின் கிளைக்குக் கீழே போய், நேற்று விழுந்த எச்சத்தை ஒரு முள்ளால் கிளறினாள். உள்ளே கருப்பாக, பளபளவென்று ஒரு விதை!

"இதுவா உங்கள் பழத்தின் விதை?"

சூறையன் தலையசைத்தான்.

"இது மழைக்கு முளைத்துவிடும். வாருங்கள், போன வருடத்துக் கிளைக்குக் கீழே பார்ப்போம்."

போன வருடம் வென்ற பறவையின் கிளைக்குக் கீழே ஒரு சாண் உயரத்தில் கன்று நின்றது. குத்தாயி இலையைத் திருப்பினாள். செம்பு நிறம்! அதற்கு முந்தைய வருடத்துக் கிளைக்குக் கீழே முழங்கால் உயரம். அதுவும் செம்பு நிறம்!

"நான் சொன்னேனே! எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள்!" என்று கிழப் பறவை கூவியது.

குத்தாயி நிற்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு தாழை என்ற பறவை வென்ற கிளைக்குக் கீழே போனாள். அந்த வருடம் மழை கொட்டியது. மற்றவர்கள் பாதியில் திரும்பிவிட, தாழை மட்டும் இருட்டுகிற நேரத்தில் நனைந்துபோய் வந்து சேர்ந்தாள். 'அந்தி வீராங்கனை' என்று இன்றும் அவளைக் கேலி செய்வார்கள். அங்கே இரண்டு அத்திக்கன்றுகள் நின்றன. இலையைத் திருப்பினால் பச்சைதான். தாழை கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குத்தாயி இன்னும் நடந்தாள். கூட்டம் சற்றுமுன் ஒதுங்கியிருந்த நிழலுக்கே வந்து நின்றாள். அங்கே வரிசையாக ஏழு சிறுமரங்கள். அடிமரத்துக்குப் பக்கத்தில் இருந்தது மிக உயரம். ஒரு முழம் தள்ளி அடுத்தது சற்றுக் குட்டை. இன்னொரு முழம் தள்ளி இன்னும் குட்டை. இந்த ஈர மண்ணில் அவை பூத்ததுமில்லை, காய்த்ததுமில்லை. அதனால் அவை என்ன மரம் என்று யாரும் கேட்டதுமில்லை.

காற்று வீசியது.

ஏழு மரங்களின் இலைகளும் ஒரே சமயத்தில் புரண்டன. எல்லாம் செம்பு நிறம்!

எல்லாருடைய அலகும் மெல்ல மேலே திரும்பியது. ஏழு மரங்களுக்கும் நேர் மேலே, ஏழு முறை வென்று தள்ளித் தள்ளி உட்கார்ந்த கிளையில், பொன்னலகர் இருந்தார்.

"காற்று... காற்று கொண்டுவந்து போட்டிருக்கும்" என்றார் அவர். அவர் குரல் அவருடையது போலவே இல்லை.

"முழத்துக்கு ஒன்றாக அளந்து போட்டதா ஐயா?" என்றாள் குத்தாயி.

இளம் பறவைகள் பொங்கி எழுந்தன. "பொய்யர்!" "இருபது வருடம் எங்களைத் திட்டினீர்களே!" "சட்டம் வளையாதே! முதலில் அவரைத் துரத்துங்கள்!" கிழப் பறவை மெல்லக் கூட்டத்தின் பின்னால் நகர்ந்துகொண்டது.

அப்போது மின்னி பேசினாள். குரல் மெதுவாக இருந்தது. எல்லாரும் கூச்சலை நிறுத்த வேண்டியிருந்தது.

"பெரியவரே, மூன்று வருடமாக உங்கள் நேரத்தைத்தான் துரத்தினேன். இரவில் கண்ணை மூடினால்கூட அதுதான் தெரியும். அது உங்கள் நேரமே இல்லையா?"

பொன்னலகர் கிளையை விட்டு இறங்கினார். பல வருடங்களாக அவர் நெடுந்தூரம் பறந்ததில்லை. கௌரவத்துக்காக என்று காடு நினைத்திருந்தது. இப்போது இவ்வளவு கிட்டத்தில் இறங்குவதற்கே அவர் நெஞ்சு படபடவென்று அடித்தது. மின்னியின் நெஞ்சைப் போலவே!

"முதல் வருடம் மூன்றாவது மலையில் என் இறக்கை ஓய்ந்துவிட்டது" என்றார். "பாறையில் இறங்கினேன். பழம் இருந்தது. தின்றேன். ஒரே ஒருமுறை என்று நினைத்தேன். எல்லாரும் என்னைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள். அடுத்த வருடம் தின்னாமல் பறக்கப் பயமாக இருந்தது. பிறகு... உண்மை வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பேசினேன். பிள்ளைகள் என் நேரத்தைத் துரத்தி அந்தப் பாறைவரை போவார்கள் என்று நினைக்கவில்லை அம்மா."

"நினைத்திருக்க வேண்டும் ஐயா" என்றாள் மின்னி. அவர் சற்றுமுன் சூறையனிடம் சொன்ன சொல் அது. அவர் தலை தாழ்ந்தது.

"இப்போது தீர்ப்பு?" என்று கூட்டம் கேட்டது.

"நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது" என்றார் பொன்னலகர். "தாழை சொல்லட்டும்."

தாழை முன்னால் வந்தாள். "இங்கே மின்னி கிடக்கிறாள். அவளைத் துரத்தினால் அது கொலை. அவளை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் துரத்தினால் அவளுக்கு இரை கொண்டுவருவது யார்? யாரும் போக வேண்டாம். கீழே செம்பு இலை முளைத்த கிளைகள் இனி யாருக்கும் சொந்தமில்லை. ஏழு மரங்களையும் வெட்ட வேண்டாம். அடுத்த வருடம் முதல் எல்லாரும் அவற்றுக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்."

சூறையன் தன் கிளையை அண்ணாந்து பார்த்தான். பிறகு திரும்பிப் போய் மின்னியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவனும் பொன்னலகரும் முறை வைத்து அவளுக்கு அத்திப்பழம் கொண்டுவந்தார்கள். மின்னி பிழைத்தாள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பறக்கும் அளவுக்குத் தேறினாள். மலையைச் சுற்ற அவளால் கடைசிவரை முடியவில்லை.

அடுத்த வருடப் போட்டியில் சூரியன் உச்சியைத் தாண்டியது. யாரும் வரவில்லை. நிழல் நீண்டது. யாரும் வரவில்லை. வெயில் சிவந்த பிறகு ஓர் இளம் பறவை தட்டுத்தடுமாறி வந்து, கிளையில் ஏற முடியாமல் தரையிலேயே தொப்பென்று உட்கார்ந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

"ஐயோ, என்ன ஆயிற்று?" என்று குஞ்சுகள் பயந்துபோய்க் கத்தின.

"ஒன்றும் ஆகவில்லை, களைத்துப் போயிருக்கிறாள், அவ்வளவுதான்!" என்றாள் மின்னி.

வென்ற பறவை களைத்துப் போவதைப் பார்த்து அந்தக் காட்டுக்கு அவ்வளவு காலமாகியிருந்தது!

தன் தவறை மறைத்துக்கொண்டு இளையவர்களைக் கடிந்துகொள்ளும் பெரியவர், அந்தத் தவறுக்கே அவர்களை வழி நடத்திச் செல்கிறார்.