உப்பு இருந்த இடம்

"நேத்து உப்பு இருந்த இடத்துல இன்னைக்கு விபூதி இருக்கு. ரெண்டும் வெள்ளை, ரெண்டும் ஒரே மாதிரி டப்பா. ரசத்துல மூணு கை விபூதியை அள்ளிப் போட்டுட்டேன். நாப்பது பேரு குடிச்சிட்டு, இன்னைக்கு ரசத்துல ஒரு தெய்வீகம் இருக்குன்னு கும்பிட்டுட்டுப் போறாங்க. இது நியாயமா அம்மை?"

கரண்டியை ஆட்டி ஆட்டிக் கத்தியவள் செண்பகவல்லி. தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஆசிரமத்தில் பதினாறு வருஷமாகச் சமைக்கிறாள். அவள் எதிரே பலகையில் உட்கார்ந்திருந்தது அம்மை. நாற்பத்திரண்டு வயது குரு. சீடர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். வயதைச் சொல்லி யாராவது இடம் கேட்டால், மாட்டுக்கொட்டகைப் பக்கம் கை காட்டிவிடுவாள்.

குற்றவாளி சுவரோரம் நின்றார். பெயர் நீலமேகம். வயது அறுபத்திரண்டு. சட்டைப்பையில் அளவு டேப், காதில் பென்சில்.

"லேபிள் ஒட்டியிருந்தேனே அம்மை" என்றார்.

"என்ன லேபிள்? உ-3ன்னு எழுதி வச்சிருக்காரு. உ-3ன்னா உப்பா, உளுந்தா, உருட்டுக்கட்டையா?"

"உக்கிராணம், மூணாவது தட்டு."

"கேட்டீங்களா அம்மை?"

அம்மை ரசத்தைக் கையில் ஊற்றி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"தெய்வீகம்தான்" என்றாள்.

நீலமேகத்தின் கதை பெரிய கதையில்லை. முப்பத்துநாலு வருஷம் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கிடங்குகளுக்கு இரும்பு ரேக் வடிவமைத்தவர். டயருக்கு, மருந்துப்பெட்டிக்கு, சிமெண்ட் மூட்டைக்கு என்று எல்லாவற்றுக்கும் அடுக்கு போட்டவர். அவர் கண்ணுக்கு ஒரே ஒரு பாவம்தான் உண்டு. டப்பாவின் தலைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் இருக்கும் காலி இடம். "காத்தை அடுக்கக் கூடாது சார்" என்பார். கடைசி வருஷத்தில் ஒரு ரேக் கண்டுபிடித்தார். நட்டு இல்லை, போல்ட் இல்லை, ஸ்பானர் வேண்டாம். ஒரு விரலால் கொக்கியை இழுத்தால், பாரத்தோடு தட்டு அரை அங்குலம் ஏறும், அரை அங்குலம் இறங்கும். மேனேஜர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா தினமும் தட்டை ஏத்தி இறக்கிட்டு எவன் சார் உட்கார்ந்திருப்பான்?" என்று கேட்டார்.

எவன் என்பது நீலமேகம் ஓய்வுபெற்று வீட்டில் இருந்த ஆறாவது மாதமே அவர் மனைவி புஷ்கலாவுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரே வாரத்தில் காப்பித்தூள் மூன்று முறை வீடு மாறியது. நான்காம் முறை காலைக் காப்பியில் சீயக்காய் விழுந்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு மனசு ஒரு இடத்துல நிக்கலை. அதான் டப்பாவையும் நிக்க விட மாட்டேங்கறீங்க. எங்கயாவது போய் அதை நிறுத்திட்டு வாங்க. ஒரு வருஷம் தரேன். நின்னாலும் நிக்காட்டாலும் வருஷம் முடியற ஞாயித்துக்கிழமை வண்டி வாசல்ல நிக்கும்."

அப்படித்தான் இங்கே வந்தார். வந்த அன்றே அம்மையிடம் கேட்டார்: "என் மனசு நிக்க மாட்டேங்குது. ஒரு உபதேசம் வேணும்."

"அது கிடக்கட்டும். முதல்ல உக்கிராண அறையைப் பாரும். மளிகையெல்லாம் தரையில உருளுது" என்றாள் அம்மை.

பார்த்தார். சொந்தச் செலவில் தன் ரேக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். துவரம்பருப்பு இரண்டு படி குறைந்தால் அதைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி, மேல் தட்டை இறக்கி, மிச்சப்பட்ட இடத்தில் வேறொன்றை நுழைத்தார். அதற்குப் பிறகு அதுவும் குறைந்தது. சமையல்காரி சமைக்கிறவரை மளிகை குறையத்தானே செய்யும்? பதினொரு மாதமும் மூன்று வாரமும் ஓடிவிட்டன. உபதேசம் மட்டும் வரவில்லை. இன்றைக்குப் புதன். வண்டி ஞாயிறு.

"அம்மை, இன்னும் நாலு நாள்தான்" என்றார் நீலமேகம், ரச விவகாரத்துக்கு நடுவிலேயே. "எனக்கு ஒண்ணும் சொல்லாமலே அனுப்பிடுவீங்களா?"

"நாளைக்கு நாலு மணிக்கு நாகலிங்க மரத்தடிக்கு வாரும்."

மறுநாள் தலைக்குக் குளித்து, வேட்டி மாற்றி, மூன்றே முக்காலுக்கே போய்விட்டார். மரம் இருந்தது. அம்மை இல்லை. நாலரைக்குத் தேடப் புறப்பட்டார். கடைசியில் மாட்டுக்கொட்டகையில், சரிந்த கூரை தலையில் தட்டுகிற மூலையில், பசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மரத்தடின்னீங்களே அம்மை?"

"உட்கார்ந்துதான் பார்த்தேன். நானோ ஒருத்தி. தலைக்கு மேல அம்புட்டுக் காத்து! வீணாப் போகுதேன்னு மனசு கேக்கல. இங்க பாரும், கூரைக்கும் தலைக்கும் நாலு விரக்கடைதான்."

"அப்ப உபதேசம்?"

"இருட்டப் போகுது. நாளைக்கு நாலு மணிக்கு இங்கேயே வாரும்."

வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போனார். பசுவும் இல்லை, குருவும் இல்லை. கிணற்றடி மோட்டார் அறையைப் பார்த்தார். ஆள் நிமிர முடியாத அறை அது. அதற்குள் அம்மை முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூட்டை மாதிரி இருந்தாள்.

"பசு மேயப் போயிட்டுது. இடம் பெருசாயிட்டுது. சின்ன இடமாப் பார்த்து மாறிக்கிட்டேன்."

"மாறினதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கதவுல எழுதிப் போட்டிருந்தேனே, நீரு பார்க்கலையா?"

திரும்பிப் போய்ப் பார்த்தார். கொட்டகைக் கதவில் கரித்துண்டால் எழுதியிருந்தது: மோ-1.

நாளைக்கு இங்கேயே என்று அம்மை சொல்லியிருந்தபடி சனிக்கிழமை நாலு மணிக்குப் போனார். மோட்டார் அறை பூட்டிக் கிடந்தது. நீலமேகம் பூட்டைப் பார்த்தார். கோழிக்கூண்டைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அவருக்கு அலுத்துவிட்டது. உக்கிராண அறைக்குப் போய், ரேக்குக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு வண்டி. பெட்டி கட்ட வேண்டும். கட்டவில்லை. டேப்பைக்கூட எடுக்கவில்லை.

செண்பகவல்லி உப்பெடுக்க உள்ளே வந்தாள். தரையில் இருந்தவரை அவள் கவனிக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிற அவசரம்.

அவள் கை முதலில் போயிற்று. கண் போகவில்லை. கதவுக்கு வலப்பக்கம், இடுப்பு உயரத்தில், கை தானாக நீண்டு ஒரு டப்பாவைத் திறந்தது. மிளகுத்தூள். தும்மினாள். அதற்கப்புறம்தான் கண் தேட ஆரம்பித்தது. இரண்டாவது ரவை. மூன்றாவது விபூதி. அதைத் திறந்ததும் நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டாள். நான்காவது உப்பு.

பத்து நிமிஷம் கழித்துச் சீரகத்துக்கு வந்தாள். கை போயிற்று, வேறோர் இடத்துக்கு. அங்கே வெல்லம்.

முப்பத்துநாலு வருஷமாக டப்பாவை அளந்த மனிதர் அன்றைக்குத்தான் கையைப் பார்த்தார்.

"செண்பகம்."

அவள் துள்ளி விழுந்தாள். "ஐயோ, இங்கனயா இருக்கீங்க! உங்களையும் அடுக்கி வச்சிட்டாங்களா?"

"உப்பு உங்களுக்கு எங்க இருக்கணும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினொரு மாசம் ஆச்சு சார் இதைக் கேக்க" என்றாள். பிறகு கையை நீட்டிக் காட்டினாள். சீரகத்துக்குக் காட்டினாள், மஞ்சளுக்கு, புளிக்கு, எண்ணெய்க்கு. அவர் ஒவ்வொன்றாக வைத்தார். உப்பு டப்பாவுக்கு மேலே நாலு விரக்கடை காலியாக நின்றது. அவருடைய ஆள்காட்டி விரல் கொக்கிக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. திரும்பி வந்தது.

அவர் மறுபடியும் தரையில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாசலில் நிழல் விழுந்தது.

"மோட்டார் ரூமுக்கு வரலியோ?" என்றாள் அம்மை.

"வந்தேன். பூட்டியிருந்துச்சு."

"தேடலியா?"

"ரெண்டு இடம் பார்த்தேன். அப்புறம் தேடலை."

"ஏன்?"

"ரெண்டு பேரும் அலைஞ்சா எப்படி அம்மை? ஒருத்தராவது ஒரு இடத்துல இருந்தாத்தானே மத்தவங்க வந்து பார்க்க முடியும்?"

அம்மை ரேக்கைப் பார்த்தாள்.

"உப்புக்கு மேல அம்புட்டுக் காத்து நிக்குதே ஓய்?"

"நிக்கட்டும். அவங்க கை போக வர வேணும்."

"சரி. கண்ணை மூடும்."

மூடினார்.

"உப்பை எடும்."

நீலமேகம் எழுந்தார். இருட்டுக்குள் கை நீண்டது. எதையும் தடவவில்லை, எதிலும் இடிக்கவில்லை. விரலில் உப்புத்தூள் ஒட்டியது.

"எங்க இருந்தது?"

"இருந்த இடத்துல."

"அம்புட்டுதான். போயிட்டு வாரும்."

ஞாயிறு காலை ஒன்பதுக்கு வண்டி வந்துவிட்டது. புஷ்கலா சொன்னால் சொன்னதுதான். பின் சீட்டில் உட்கார்ந்தபடியே அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். டேப் இல்லை. காதில் பென்சில் இல்லை.

"என்ன, மனசு நின்னுச்சா?"

"உப்பு நின்னுடுச்சு."

"சுத்தம்" என்று அவள் நெற்றியில் தட்டிக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்போது சமையல்கட்டு ஜன்னலில் செண்பகவல்லியின் தலை தெரிந்தது. நீலமேகத்தின் ஆள்காட்டி விரல், கொக்கியை இழுக்கிற மாதிரி, மடியிலிருந்து தானாக எழுந்தது. அவர் மற்றக் கையால் அதை மெல்லப் பொத்திக்கொண்டார். புஷ்கலா அதைப் பார்த்தாள். டிரைவர் கியரை மாற்றினான். ஜன்னலிலிருந்து செண்பகவல்லி கத்தினாள்:

"சார்! ஏ சார்! பயறு டின்னு மேல் தட்டுல இடிக்குது. போறதுக்கு முன்னால ஒரே ஒரு அரை அங்குலம் தூக்கி விட்டுட்டுப் போங்களேன்!"