பாவாத்தாளின் அடி

"அந்தப் பெண்கள் பாட்டைக் கெடுக்கிறார்கள், சாமி" என்றார் சிவநேசர். மடத்தில் பாடுகிறவர் அவர்.

"யார்?" என்று கேட்டார் மடத்துத் தலைவரான அடிகள்.

"கம்பளக் கூடத்தில் நெய்கிறவர்கள். நாலடிப் பாட்டு. மூன்றடி பாடிவிட்டு நாலாவதை விட்டுவிடுகிறார்கள். நானே ஓர் அடி எழுதிச் சேர்த்து நேற்றுப் பூசையில் பாடினேன். சபையே உருகிவிட்டது."

"அவர்கள்?"

"பாதியில் எழுந்து போய்விட்டார்கள். விவரம் போதாது."

"எழுந்து போனது எத்தனை பேர்?"

"நாலு பேர்."

"பாடுகிறவர்கள்?"

"மூன்று பேர்."

"போய்க் கேட்டுவிட்டு வா" என்றார் அடிகள்.

கூடத்தில் நால்வரும் தறிமுன் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு இல்லை.

"இன்றைக்குப் பாடவில்லையா, அம்மா?"

வரிசையில் முதலாவதாக இருந்த செல்லாயி திரும்பாமலே சொன்னாள். "அதான் நீங்களே பாடி முடிச்சிட்டீங்களே, சாமி."

"நாலாவது அடி இல்லாமல் கிடந்ததே என்று..."

"இல்லைன்னு யாருங்க சொன்னது?"

அவள் கடைசியில் இருந்தவளை முகவாயால் காட்டினாள்.

"பாவாத்தா அடிங்க அது. தொண்டையில கட்டி வந்து குரல் போயிருச்சு. மூணு வருசமாச்சு. அவ முறை வந்தா நாங்க வாயை மூடிக்குவோம். இரும்புச் சீப்பால ஊடை நூலை அடிச்சு இறுக்குவா. அதுதான் அவ பாட்டு. நேத்து உங்க பாட்டைக் கேட்டுட்டு வந்தவ, இன்னும் சீப்பைத் தொடலைங்க."

பாவாத்தாள் குனிந்து நூல் நுனிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

சிவநேசருக்கு முகம் எரிந்தது. பத்து நாள் சன்னலோரம் நின்று கேட்டவர் அவர். அந்த அடி காதில் விழாமலா இருந்தது? தறிச் சத்தம் என்று தள்ளிவிட்டிருந்தார்.

"தாயே" என்று தொடங்கினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செல்லாயி மெல்ல எடுத்தாள்.

"செவப்பு நூலு சேந்து வா..."

அடுத்தவள் பச்சையைக் கூப்பிட்டாள். மூன்றாமவள் கறுப்பைக் கூப்பிட்டாள்.

அமைதி. பாவாத்தாளின் கை அசையவில்லை.

மறுபடி பாடினார்கள். மறுபடியும் அமைதி.

மூன்றாம் முறை, சீப்பு தறியில் இறங்கியது. ஒன்று. இடைவெளி விட்டு, இரண்டு, மூன்று.

சிவநேசர் குனிந்த தலையைத் தூக்கவே இல்லை.

பொழுது சாயும்போது மடத்துக்குத் திரும்பினார்.

"நாலாவது அடி கிடைத்ததா?" என்றார் அடிகள்.

"கேட்டேன், சாமி."

"எங்கே, பாடு."

சிவநேசர் வாயைத் திறந்தார். மூடினார்.

"அது எனக்குப் பாட வராது, சாமி."